1974-ல் இருந்த மீன்பிடி உரிமை 1976-ல் எங்கே போனது?

1974-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தால் இலங்கைக்குப் போன கச்சத்தீவு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கூடவே வரும் கேள்வி இது: "1974 ஒப்பந்தத்தில் நம் மீனவர்களுக்கு மீன்பிடி உரிமை இருந்தது என்று சிலர் சொல்கிறார்கள், இல்லவே இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். எது சரி? இருந்தது என்றால் 1976-ல் ஏன் போனது? தீவைத் திரும்ப வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? இரண்டு நாடுகள் கடலை இப்படிப் பேசிப் பிரித்துக்கொள்வது எப்படித்தான் நடக்கிறது?"

முதலில் நேரடியான பதில். 1974 ஒப்பந்தத்தில் மீன்பிடி உரிமை என்று வெளிப்படையாக ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் அப்படி வாசித்துக்கொள்ள இடம் விட்டு எழுதப்பட்டது. 1976 மார்ச்சில் கைமாறிய ஒரு கடிதம் அந்த இடத்தையும் அடைத்துவிட்டது. தீவு நாளைக்கே திரும்பி வந்தாலும் மீனவர் பிரச்சினையில் சொற்பமான பகுதிதான் தீரும். இப்படிச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். அதனால் ஒவ்வொன்றையும் ஒப்பந்தத்தின் வரிகளோடு வைத்தே சொல்கிறேன்.

கடலைப் பிரிப்பது என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு பேரங்கள் இருக்கின்றன. கோடு எங்கே ஓடுகிறது, அந்தப் பக்கம் எந்த நாட்டின் அதிகாரம் என்பது ஒன்று. கோட்டுக்கு இருபுறமும் யார் வலை போடலாம், எந்த வலை, எத்தனை படகு, எத்தனை நாள் என்பது இன்னொன்று. முதலாவதை வெளியுறவுத் துறையும் கடற்படையின் வரைபடக்காரர்களும் உட்கார்ந்து முடித்துவிடலாம். இரண்டாவது அப்படி முடியாது. பாக் வளைகுடாவில் முதலாவது பேரம் கவனமாக நடந்தது. இரண்டாவது பேரம் நடக்கவே இல்லை. என் வாதம் முழுக்க இதுதான்.

காலத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் கணக்கு, அதாவது கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நாட்டின் எல்லைக்கடல், 200 கடல் மைல் வரை மீனும் மற்ற வளமும் அந்த நாட்டுக்கே உரிய தனிப் பொருளாதார மண்டலம் என்பது 1982 டிசம்பர் 10 அன்று ஜமைக்காவின் மாண்டிகோ பே நகரில் கையெழுத்தான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் வந்தது. அது நடைமுறைக்கு வந்ததே 1994 நவம்பரில்தான். 1974-ல் அந்த உடன்படிக்கையை உருவாக்கிய ஐ.நா. மாநாடு அப்போதுதான் சூடுபிடித்துக்கொண்டிருந்தது. மாநாட்டின் தலைவர் இலங்கையைச் சேர்ந்த ஹாமில்டன் ஷர்லி அமரசிங்க. 1980-ல் இறக்கும் வரை அவர்தான் அதை நடத்தினார். கடல் சட்டம் எந்தத் திசையில் போகிறது என்பதைக் கொழும்பு அருகிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தது. டெல்லிக்கும் அது தெரியும். 200 மைல் வரப்போகிறது, அதற்குள் அண்டை நாடுகளோடு கோடு போட்டு முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் இரு பக்கமும் இருந்தது. இந்தோனேசியாவோடு 1974-ல், மாலத்தீவோடு 1976-ல், தாய்லாந்தோடு 1978-ல் என்று இந்தியா வரிசையாக முடித்ததும் அதனால்தான்.

எதிரெதிர்க் கரைகளுக்கு நடுவே கோடு போடும் முறை கேட்க எளிமையானது. இரண்டு கரைகளிலும் வற்றுநீர்க் கோட்டில், அதாவது கடல் வற்றும்போது நீர் நிற்கும் கோட்டில், புள்ளிகளை எடுத்து, இரண்டுக்கும் சம தூரத்தில் இருக்கும் இடங்களை இணைத்தால் நடுக்கோடு வரும். நடுவில் ஒரு தீவு வந்தால்தான் சிக்கல். அந்தத் தீவை யாருடைய கரையாக எடுத்துக்கொள்வது, அதற்கு முழு மதிப்பா, பாதி மதிப்பா? உலகத்தில் கடல் எல்லைப் பேச்சுகள் பாதி நாள் இழுபடுவது இந்த ஒரு கேள்வியில்தான்.

கச்சத்தீவு விஷயத்தில் இந்தக் கேள்வி 1921-லேயே வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் சென்னை மாகாண அதிகாரிகளும் இலங்கை அதிகாரிகளும் கொழும்பில் கூடினார்கள். அவர்கள் கூடியது நாட்டு எல்லை போடுவதற்காக அல்ல. முத்துக்குளிப்பிலும் சங்கு குளிப்பிலும் யார் எதுவரை என்று ஒரு மீன்பிடிக் கோடு போடத்தான். இலங்கைத் தரப்பின் பிடிவாதத்தால் கோடு கச்சத்தீவுக்கு மூன்று மைல் மேற்கே போடப்பட்டது. தீவு ராமநாதபுரம் ஜமீனுக்குச் சேர்ந்தது என்ற உரிமைகோரலுக்கு இதனால் பாதகம் வரக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் சென்னைத் தரப்பு ஒப்புக்கொண்டது. அந்த உடன்பாடு முறைப்படி உறுதிசெய்யப்படவும் இல்லை. மீனுக்காகப் போட்ட கோட்டை ஐம்பது வருடம் கழித்து நாட்டு எல்லைக்கான ஆதாரமாக மேசையில் வைத்தார்கள். பேச்சுவார்த்தையில் தற்காலிகமாக ஒப்புக்கொள்ளும் எதுவும் தற்காலிகமாக நிற்பதில்லை என்பதை இங்கே பார்க்கலாம்.

சரி, 1974-க்கு வருவோம். ஜூன் 26, 28 தேதிகளில் பிரதமர்கள் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டார்கள். பாக் நீரிணையிலிருந்து ராமர் பாலம் வரை ஆறு புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடு. அது கச்சத்தீவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு மைல் தள்ளி ஓடுகிறது, அதாவது தீவு இலங்கையின் பக்கம் போனது. ஒப்பந்தத்தின் பெயரிலேயே "வரலாற்று நீர்ப்பரப்பு" என்ற சொல் இருக்கிறது, ஒரு நாடு நெடுங்காலமாகத் தன்னுடையதாகவே கருதிவந்த கடல் என்று பொருள். அந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாம் படிக்க வேண்டியவை மூன்று பிரிவுகள். 4-வது பிரிவு: கோட்டுக்குத் தன் பக்கம் இருக்கும் நீர், தீவுகள், கடலடி நிலம் எல்லாவற்றின் மீதும் அந்தந்த நாட்டுக்கே இறையாண்மையும் தனி அதிகாரமும். 5-வது பிரிவு: மேலே சொன்னதற்கு உட்பட்டு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் இதுவரை போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், அதற்காக இலங்கை பயண ஆவணமோ விசாவோ கேட்காது. 6-வது பிரிவு: இரு நாட்டுக் கலங்களும் மற்ற நாட்டின் நீர்ப்பரப்பில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும்.

5-வது பிரிவைப் பாருங்கள். வலை உலர்த்தலாம், ஓய்வெடுக்கலாம் என்று மேடைகளில் கேட்டிருப்போம். மூலத்தில் வலை என்ற சொல்லே இல்லை. போய்வருவது மட்டும்தான் இருக்கிறது, அதுவும் "மேலே சொன்னதற்கு உட்பட்டு" என்ற கடிவாளத்தோடு. 6-வது பிரிவில் இருப்பது கலங்களின் மரபு உரிமை. அது மீன்பிடிப்பதா, வெறுமனே ஓட்டிப் போவதா? ஒப்பந்தம் சொல்லவில்லை. 1974 ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் நாடாளுமன்றத்தில் பேசும்போது, இரு தரப்பும் கடந்த காலத்தில் அனுபவித்த மீன்பிடி, யாத்திரை, கடற்பயண உரிமைகள் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன என்றார். மீன்பிடி என்ற சொல் அங்கே வருகிறது, ஆனால் ஒப்பந்தத்தில் அது வரவில்லை. இலங்கைத் தரப்போ அந்தப் பிரிவு கப்பல் போக்குவரத்தைப் பற்றியது மட்டுமே என்று வாசித்தது.

இது கவனக்குறைவால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு விஷயத்தில் ஒத்துப்போக முடியாதபோது இருவரும் தத்தம் ஊரில் வேறுவேறாக விளக்கிக்கொள்ளும்படி ஒரு வாக்கியம் எழுதிவைப்பது தூதரகக்காரர்களின் பழைய வழக்கம். கையெழுத்து நாளன்று அது இருவரையும் காப்பாற்றும். பிறகு அந்த வாக்கியத்தின் விலையைக் கொடுப்பவர்கள் வேறு ஆட்கள்.

இப்போது 1976. இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம், ஆனால் மீனவர்களைப் பொறுத்தவரை கனமான ஆவணம் இதுதான். மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லைக்கோடு போட்டு இரண்டாவது ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே நாளில் இந்திய வெளியுறவுச் செயலர் கேவல் சிங்கும் இலங்கையின் பாதுகாப்பு, வெளியுறவு அமைச்சகச் செயலர் டபிள்யூ. டி. ஜயசிங்கவும் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். இந்தக் கடிதங்களும் இரு நாடுகளுக்கும் இடையிலான உடன்பாடே என்று அவற்றிலேயே எழுதியிருக்கிறது.

கடிதத்தின் முதல் பத்தி சொல்வதன் சாரம்: இரு நாடுகளும் தனிப் பொருளாதார மண்டலம் அமைத்தபின், இந்திய மீன்பிடிக் கலங்களும் மீனவர்களும் இலங்கையின் வரலாற்று நீர்ப்பரப்பிலும் எல்லைக்கடலிலும் பொருளாதார மண்டலத்திலும் மீன்பிடிக்கக் கூடாது. அதேபோல் இலங்கையர்கள் இந்தியப் பகுதியில் பிடிக்கக் கூடாது. அந்தந்த நாட்டின் வெளிப்படையான அனுமதி இருந்தால் மட்டும் விலக்கு.

"1976 ஒப்பந்தம் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் மட்டும்தானே, பாக் வளைகுடாவில் 1974-ல் கிடைத்தது அப்படியே இருக்கிறது" என்று ஒரு வாதம் உண்டு. நானும் சில காலம் அப்படித்தான் நம்பினேன். கடிதத்தை வரிவரியாகப் படித்தபோது "வரலாற்று நீர்ப்பரப்பு" என்ற சொல் கண்ணில் பட்டது. 1974 ஒப்பந்தம் பாக் நீரிணைப் பகுதிக்குக் கொடுத்த பெயர் அதுதான். கடிதம் எழுதியவர்கள் அந்தச் சொல்லை முதலிலேயே வைத்துவிட்டார்கள். அதன்பிறகு 6-வது பிரிவை மீன்பிடி உரிமையாக வாசிப்பது மிகவும் கடினம்.

அதே கடிதத்தின் அடுத்த பகுதியில்தான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இருக்கிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்று மீன்வளம் கொழிக்கும் ஒரு கடல்மேடு உண்டு. இலங்கையின் பெரிய இழுவைக் கப்பல்கள் அங்கே பல பத்தாண்டுகளாக வந்து பிடித்துக்கொண்டிருந்தன. புதுக் கோட்டின்படி அது இந்தியாவின் மண்டலத்துக்குள் வந்துவிட்டது. அந்தக் கப்பல்களை என்ன செய்வது என்பதைக் கடிதம் எவ்வளவு நிதானமாகப் பேசுகிறது என்று பாருங்கள். இந்தியா தன் பொருளாதார மண்டலத்தை அமைக்கும் நாளிலிருந்து மூன்று வருடம் உரிமத்தோடு பிடிக்கலாம். ஆறு கப்பலுக்கு மேல் கூடாது. வருடத்துக்கு 2,000 டன்னுக்கு மேல் கூடாது. மூன்று வருடம் முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகும் இலங்கை விரும்பினால், பேசிக்கொள்ளும் விலையில் வருடம் 2,000 டன் மீனை ஐந்து வருடத்துக்கு இந்தியா கொடுக்கும்.

எண்ணிக்கை, அளவு, உரிமம், அவகாசம், அவகாசம் முடிந்தபின் ஈடு என்று எல்லாம் இருக்கிறது. மீன்பிடி உடன்பாடு எழுதத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். நன்றாகவே தெரியும். கப்பல் வைத்திருந்தவர்களுக்காக அதை எழுதினார்கள். பாக் வளைகுடாவில் வல்லத்திலும் நாட்டுப்படகிலும் தலைமுறை தலைமுறையாக இரு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியம், "அனுமதியில்லாமல் பிடிக்கக் கூடாது." அதற்கு அவகாசம் வைக்கவில்லை. அனுமதியை யாரிடம், எப்படி வாங்குவது என்றும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் தட்டிக்கேட்கவும் ஆளில்லை. 1974-ல் நாடாளுமன்றத்தில் எதிர்ப்பும் வெளிநடப்பும் இருந்தன. அந்த ஆகஸ்டில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 1976 மார்ச்சில் நாடு நெருக்கடி நிலையில் இருந்தது. தமிழ்நாட்டில் ஜனவரி 31 அன்றே ஆட்சி கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. சட்டமன்றமே இல்லை. மீனவர் சங்கங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும் என்று அன்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூ கினிக்கும் நடுவே இருக்கும் டோரஸ் நீரிணையை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏறத்தாழ அதே வருடங்கள், ஏறத்தாழ அதே சிக்கல். ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான சைபாய் போன்ற தீவுகள் பப்புவா கரையிலிருந்து நாலைந்து கிலோமீட்டரில் கிடக்கின்றன. நடுக்கோடு போட்டால் அவை கைமாற வேண்டும். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவில் இருந்த விட்லம் அரசு கோட்டை நகர்த்தத் தயாராகவே இருந்தது. தீவுக்காரர்கள் எதிர்த்தார்கள், குயின்ஸ்லாந்து மாநில அரசும் அவர்களோடு நின்றது. அந்த எதிர்ப்பு எடுபட்டது. 1978 டிசம்பரில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஒரு கோடு இல்லை, இரண்டு கோடுகள் இருக்கின்றன. கடலடி நிலத்துக்கு ஒன்று, மீன்பிடிக்கு ஒன்று. தீவுகள் ஆஸ்திரேலியாவிடமே இருந்தன. நடுவில் ஒரு பாதுகாக்கப்பட்ட மண்டலம் வைத்து, அங்கே வாழும் இரு பக்கத்து மக்களும் பாஸ்போர்ட் இல்லாமல் போய்வரவும், மரபு முறையில் பிடிக்கவும் வழி செய்தார்கள். வணிக மீன்பிடிப்பை என்ன விகிதத்தில் பங்கிடுவது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். அங்கே இன்று எல்லாம் சுமுகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தீவு யாருக்கு, மீன் யாருக்கு என்ற இரண்டையும் தனித்தனியாகப் பேச முடியும் என்பது 1978-லேயே ஒருவர் செய்துகாட்டிய விஷயம்.

நார்வேயும் சோவியத் யூனியனும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இரு நாடுகளுக்கும் வடக்கே உள்ள பேரண்ட்ஸ் கடலில் கோடு எங்கே என்று 1970-லிருந்து நாற்பது வருடம் பேசி, 2010-ல்தான் முடிந்தது. ஆனால் எழுபதுகளின் நடுவிலேயே கூட்டு மீன்வள ஆணையம் ஒன்றை அமைத்து, காட் மீனில் மூன்றாம் நாடுகளுக்கு ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டு மீதியைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். பனிப்போர் உச்சத்தில் இருந்தபோதும் அந்த ஆணையம் ஒவ்வொரு வருடமும் கூடி எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவு செய்தது. கோடு பிறகு வந்தது, மீன் கணக்கு முதலிலேயே வந்துவிட்டது.

பாக் வளைகுடாவில் மீன் கணக்கு வராததன் விளைவு உடனே தெரியவில்லை. 1976-க்குப் பிறகும் சில வருடங்கள் இரு பக்கத்திலிருந்தும் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். இதற்கிடையே நம் பக்கம் கடலே மாறிக்கொண்டிருந்தது. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை, விசைப்படகு வாங்க அரசு மானியம். கடலடியை வழித்து இழுக்கும் வலையான இழுவைமடி போடும் படகுகள் பெருகின. 1983-க்குப் பிறகு போர். இலங்கையின் வட கடலில் மீன்பிடிக்கத் தடை, கட்டுப்பாடு, இடப்பெயர்வு. அந்தப் பக்கத்துக் கடல் ஏறத்தாழ காலியாகக் கிடந்தது. இழுவைமடிகள் அங்கே போய்ப் பழகின. ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் அந்தக் கடலில்தான் தொழில் கற்றார்கள்.

தங்கச்சிமடத்தில் ஒரு விசைப்படகின் அறைக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன் ஒருநாள். ஜிபிஎஸ் திரையில் எல்லைக்கோடு தெரிகிறது. அதற்கு அந்தப் பக்கம் சின்னச் சின்னக் குறிகள் புள்ளிபுள்ளியாகக் கிடந்தன. இந்தப் பக்கம் ஒன்றிரண்டுதான். "இதெல்லாம் என்ன?" என்றேன். "பாடு கிடைச்ச எடம் சார். இது எங்க அப்பா சொன்னது, இது நான் பிடிச்சது," என்றார் ஓட்டுநர். அவருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. மூன்று நாளில் டீசலுக்கும் ஐஸுக்கும் போட்ட காசையாவது எடுக்க வேண்டும். "கோடு தெரியாம போறோம்னு சொல்றாங்கள்ல, அது பொய் சார். தெரிஞ்சுதான் போறோம். இந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்றார். அவர் முகத்தில் திமிர் இல்லை. களைப்புதான் இருந்தது.

யாழ்ப்பாணம் குருநகரில் கேட்டது வேறு. கரையில் ஒரு பெரியவர் நண்டு வலையை மடியில் போட்டுக்கொண்டு எது தேறும் எது தேறாது என்று பிரித்துக்கொண்டிருந்தார். பெரும்பகுதி தேறாது. "தம்பி, அவையளும் எங்கடை ஆக்கள்தான். அதிலை எனக்குக் கோபம் இல்லை. ஆனா ரோலர் (இழுவைப் படகு) வந்தா வலையும் போகுது, அடியிலை கிடக்கிறதும் வழிச்சுக்கொண்டு போகுது. கடன் வாங்கி வலை போட்டனாங்கள். இனி ஆரிட்டைக் கேக்கிறது?" ராமேஸ்வரம் பக்கத்து நாட்டுப்படகுக்காரர்களும் இழுவைமடியைப் பற்றி இதைத்தான் சொல்வார்கள், சொல் மட்டும் மாறும். கோட்டின் இரண்டு பக்கமும் சிறிய வலைக்காரருக்கு ஒரே குறைதான்.

2009-ல் போர் முடிந்து வட இலங்கை மீனவர்கள் மறுபடி கடலுக்கு வந்ததும் மோதல் முற்றியது. இப்போதுதான் 1974-லும் 1976-லும் நடந்திருக்க வேண்டிய பேச்சு வேகம் பிடித்தது, அதுவும் மீனவர்களே முன்வந்து. 2010 ஆகஸ்டில் இலங்கை மீனவர் குழு தமிழ்நாட்டுக்கு வந்தது. இரு தரப்பும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஒரு வருடத்துக்குள் இழுவைமடியை நிறுத்துவது, அதுவரை 70 நாள் மட்டும் அனுமதிப்பது. வாட்ஜ் பேங்க் கடிதத்தில் இருந்த அதே பாணி என்பதைக் கவனியுங்கள். நாள் கணக்கு, கருவி, அவகாசம், முடியும் தேதி. படித்த அதிகாரிகள் பாக் வளைகுடாவுக்கு எழுதாததை வலை பிடிக்கிற கைகள் எழுதின. இரு அரசுகளும் அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. 2014-லும் 2015-லும் சென்னையிலும் கொழும்பிலும் மறுபடி பேசினார்கள். நம் தரப்பு மூன்று வருட அவகாசம் கேட்டது. ஏற்கெனவே ஒரு முறை அவகாசம் என்று சொல்லி ஏமாந்துவிட்டோம் என்ற மனநிலையில் வட இலங்கை மீனவர்கள் மறுத்துவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2016 நவம்பரில் டெல்லியில் இரு நாட்டு அமைச்சர்கள் கூடி, இழுவைமடியை இயன்றவரை விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவது என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் கூட்டுப் பணிக்குழுவும் அமைத்தார்கள். முதல் கூட்டம் அந்த டிசம்பர் 31-ல் நடந்தது. ஆறாவது கூட்டம் நடந்தது 2024 அக்டோபர் 29-ல், கொழும்பில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் எட்டு வருடத்தில் முப்பதைத் தாண்டியிருக்க வேண்டும். 2017-ல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. அடுத்த வருடம் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு கூட்டியது. அதே 2017-ல் நம் பக்கம், இழுவைப் படகுகளுக்குப் பதிலாக 2,000 ஆழ்கடல் சூரைப் படகுகள் தருவதாகத் திட்டம் வந்தது. ஒரு படகு 80 லட்சம் ரூபாய், பெரும்பகுதி மானியம். நல்ல திட்டம்தான். ஆனால் பாக் வளைகுடாவில் காலையில் போய் மறுநாள் திரும்பிப் பழகியவரை, வாரக்கணக்கில் நடுக்கடலில் தங்கிச் சூரை பிடிக்கும் தொழிலுக்கு மாற்ற மானியம் மட்டும் போதாது. மாறியவர்கள் மிகக் குறைவு.

சிறை பற்றியும் ஒரு வார்த்தை, பலர் கேட்பதால். ஐ.நா. உடன்படிக்கையின் 73-வது பிரிவு, பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிச் சட்டத்தை மீறியதற்காகச் சிறையில் அடைக்கக் கூடாது என்கிறது, சம்பந்தப்பட்ட நாடுகள் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர. இதைக் காட்டி நம் மீனவர்களை விடுவிக்கச் சொல்லலாமே என்பார்கள். பாக் வளைகுடாவில் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது இலங்கையின் பொருளாதார மண்டலம் இல்லை. வரலாற்று நீர்ப்பரப்பு, உள்நாட்டு நீர் போலவே நடத்தப்படுவது. 73-வது பிரிவின் நிழல் அங்கே விழாது. மீண்டும் அதே சொல். விடுதலைக்கு வழி இரு அரசுகளும் தனியாக எழுதிக்கொள்ளும் ஏற்பாடுதான். 2008 அக்டோபரில், இந்தியப் படகுகள் மீது சுடுவதில்லை என்று இலங்கை ஒப்புக்கொண்டது அப்படியொரு ஏற்பாட்டின் மூலம்தான்.

கடைசியாகத் தீவு. கச்சத்தீவு 285 ஏக்கர். குடிநீர் கிடையாது, அந்தோணியார் கோயில் உண்டு, திருவிழாவுக்கு இரு கரையிலிருந்தும் ஜனம் போகும். அந்தத் தீவோடு நமக்கு இருக்கும் உறவு உண்மையானது. அதைக் கொடுத்த விதம் தவறு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் மீன் கணக்கைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். கச்சத்தீவுக்கும் இலங்கையின் நெடுந்தீவுக்கும் இடையே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். தீவு நம்முடையதாகி, அதற்கு முழு மதிப்பும் கொடுத்து நடுக்கோடு போட்டால் கோடு அந்த இடத்தில் கிழக்கே ஆறேழு கடல் மைல் நகரும். ஆனால் தங்கச்சிமடத்துத் திரையில் நான் பார்த்த குறிகளில் பல, அப்படி நகர்த்திய கோட்டுக்கும் அந்தப் பக்கம் நெடுந்தீவை ஒட்டியும் மன்னாரை ஒட்டியும் இருந்தன. 1976 கடிதமும் அப்படியே இருக்கும்.

அந்தக் கடிதத்தில் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய இடம் ஒன்று உண்டு. "வெளிப்படையான அனுமதி இல்லாமல்" என்ற சொற்கள். அனுமதி கொடுக்கலாம் என்று 1976-லேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். புதிய ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை, தீவைப் பற்றிய வழக்கும் முடிய வேண்டியதில்லை. இரு பக்கத்து நாட்டுப்படகுகளுக்கும் எந்த வலைக்கு, எந்த மாதங்களில், எத்தனை படகுக்கு அனுமதி என்று ஓர் இணைப்பை எழுதி அந்தக் கடிதத்தோடு சேர்த்தால் போதும். இழுவைமடிக்கு அதில் இடம் கிடையாது என்பதையும், அதை விடுகிறவருக்கு எத்தனை வருடம், என்ன ஈடு என்பதையும் அதே தாளில் எழுதலாம். வாட்ஜ் பேங்குக்காக எழுதிய பத்திகள் மாதிரிக்கு அதே கடிதத்தில் இருக்கின்றன. இந்த முறை எழுதும்போது தங்கச்சிமடத்திலிருந்தும் குருநகரிலிருந்தும் ஆளுக்கு நாலு பேரை மேசையில் உட்கார வைக்க வேண்டும்.